சுவரோடு கட்டும் மீன்தொட்டிக்குச் சம்ப்பை முதலில் வரைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பிடிஓ எனப்படும், முன்பதிவுக்கேற்பக் கட்டித்தரப்படும் அரசு வீட்டின் சாவி கைக்கு வந்து புதுப்பிப்புப் பணி தொடங்கும்போது, தொலைக்காட்சிச் சுவரை ஒட்டியோ வரவேற்பறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவிலோ ஐந்தடி, ஆறடி நீளத்தில் ஒரு மீன்தொட்டியை அலமாரியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களிடையேயும் பெருகி வருகிறது. பல ஆண்டுகளாக மீன் வளர்ப்பவன் என்பதால், தெரிந்தவர்கள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. அந்த வரைபடங்களில் தொட்டியின் நீள அகலம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். எந்த நிற விளக்கு, எந்த நிறப் பலகை என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் வைக்கப்படும் வடிகட்டித் தொட்டியான சம்ப்புக்கு மட்டும் ஒரு வெற்றுப் பெட்டியை வரைந்து, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டிருப்பார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். முதலில் சம்ப்பை வரைய வேண்டும். அலமாரியைக் கடைசியாக வரையலாம். அந்தச் சம்ப்பின் அளவையும், பம்பு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை நினைத்து முடிவு செய்யாமல், பம்பு நின்றுபோகும் நேரத்தை நினைத்து முடிவு செய்ய வேண்டும்.

சம்ப் என்பது புதிரான பொருள் அல்ல. மேல்தொட்டியின் ஓரத்தில் உள்ள ஓவர்ஃபுளோ பெட்டிக்குள் நீர் வழிந்து, குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. கீழே உள்ள கண்ணாடித் தொட்டியில் பஞ்சையும் வடிகட்டிக் கற்களையும் கடந்து கடைசி அறைக்கு வருகிறது. அங்கிருக்கும் பம்பு அதை மேலே திருப்பி அனுப்புகிறது. நீர்ப்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் தானாக வழிந்து போவதும், ஹீட்டர், பம்பு போன்ற சாமான்கள் கண்ணில் படாமல் இருப்பதும் இதன் நன்மைகள். மூடிய கேனிஸ்டர் வடிகட்டியில் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே உள்ளிருக்கும் உயிர்வளி தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். திறந்திருக்கும் சம்ப்பில் அந்த ஆபத்து குறைவு. பெரிய தொட்டிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் கேனிஸ்டரில் இல்லாத ஒரு பொறுப்பு சம்ப்பில் உண்டு. இங்கே இரண்டு திறந்த தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இடையில் ஓடும் நீரின் அளவு எந்த நேரத்தில் மாறினாலும், மிஞ்சும் நீர் போய்ச் சேருவதற்குத் தரையைத் தவிர வேறு இடமில்லை.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். மேல்தொட்டி 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இதன் நீர்ப்பரப்பு 0.9 சதுர மீட்டர். அதாவது, நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் 9 லிட்டர் இடம் மாறுகிறது. பம்பு ஓடும்போது நீர்மட்டம் ஓவர்ஃபுளோ பெட்டியின் பல்வரிசை விளிம்பிற்கு மேலே ஏறக்குறைய 2 செ.மீ. நிற்கும், பம்பு நின்றதும் அந்த 18 லிட்டரும் கீழே இறங்கிவிடும். பலர் இத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். பம்பிலிருந்து மேலேறும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்பு நின்ற நொடியே அதே குழாய் சைஃபனாக மாறி, தன் வாய் காற்றுக்கு வெளிப்படும் வரை நீரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 18 லிட்டர் 45 லிட்டராகிறது. ஓவர்ஃபுளோ பெட்டியிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும் ஆறேழு லிட்டரையும் சேர்த்தால் 52 லிட்டர். வாயை 20 செ.மீ. ஆழத்திற்கு இறக்கி வைத்தவருக்கு இதே கணக்கு 180 லிட்டருக்கு மேல் போய்விடும். அவ்வளவு நீரைக் கொள்ளும் சம்ப் எந்த வீட்டு அலமாரியிலும் இருக்காது.

சம்ப்பின் அளவு 100 × 40 × 40 செ.மீ. என்றால் அதன் முழுக் கொள்ளளவு 160 லிட்டர். ஓடும் நேரத்தில் அதில் நீர் 22 செ.மீ. உயரத்தில் நின்றால் 88 லிட்டர் இருக்கும். மேலே 72 லிட்டருக்கு வெற்றிடம் இருக்கும். 52 லிட்டர் இறங்கினாலும் தாங்கும். அதே சம்ப்பை, பாதி வெறுமையாக இருக்கிறதே என்று எண்ணி 32 செ.மீ. வரை நிரப்பினால், வெற்றிடம் 32 லிட்டராகச் சுருங்கி, 20 லிட்டர் அலமாரிக்குள் கொட்டும். சம்ப்பின் மேற்பாதி வெறுமையாகத் தெரிவது வீணான இடம் அல்ல என்பதை வீட்டிலுள்ள அனைவரும் புரிந்துகொள்வது நல்லது. குறிப்பாக, நீர் குறைந்திருக்கிறது என்று பரிவோடு ஒரு வாளியை ஊற்றிவிடும் பெரியவர்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தை வரைபடத்தில் குறித்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வழிந்து இறங்கும் குழாயில் ஓர் இலையோ நத்தையோ செத்த மீனோ சிக்கி அடைத்துக்கொண்டால், கீழே வரும் நீர் நின்றுவிடும். பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அது கடைசி அறையில் உள்ள நீரை முழுவதும் மேலே ஏற்றிய பிறகே வறண்டு நிற்கும். ஆகவே, கடைசி அறையின் நீர், மேல்தொட்டியில் ஓடும் மட்டத்திற்கும் கண்ணாடி விளிம்பிற்கும் இடையே உள்ள வெற்றிடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேற்சொன்ன சம்ப்பில் கடைசி அறை 30 செ.மீ. நீளமாக இருந்தால் அதில் 26 லிட்டர் நிற்கும். மேல்தொட்டியில் 4 செ.மீ. வெற்றிடம் விட்டிருந்தால் 36 லிட்டர் வரை தாங்கும், கவலையில்லை. அழகுக்காக விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பியிருந்தால் 9 லிட்டர்தான் தாங்கும். மீதி 17 லிட்டர் பார்க்கே எனப்படும் மரத்தரைப் பலகையின் மேல் ஓடும். குளியலறையில் இருப்பதுபோல் வரவேற்பறையில் வடிகால் துளை கிடையாது. நீர் பலகையின் அடியில் புகுந்து நாட்கணக்கில் தங்கும். சில வேளைகளில் கீழ்மாடி வீட்டாரின் கூரையில் கறையாகத் தெரிந்த பிறகே மேல்வீட்டாருக்குச் செய்தி வரும்.

சிங்கப்பூரில் மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. போனதுண்டு. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி பின்னிரவில் தீவின் பல வட்டாரங்களில் 146,000க்கும் மேற்பட்ட மின் வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். ஆனால் என் அச்சம் அதைப் பற்றியதல்ல. தீபாவளிக்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்கும்போது எந்தச் சுவிட்ச் எதற்கென்று தெரியாமல் யாரேனும் அணைப்பதும், பழைய பம்பில் ஏற்பட்ட சிறு மின்கசிவால் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்துவிடுவதும்தான் நடைமுறையில் நிகழ்பவை. பம்பு நிற்பது விதிவிலக்கு அல்ல என்று ஏற்றுக்கொண்டுதான் சம்ப்பை வரைய வேண்டும்.

பின்னோட்டத்தைத் தடுக்க இரண்டு உபாயங்களைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஒன்று, மேலேறும் குழாயில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுவது. மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். மற்றொன்று, நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு. இரண்டும் புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். சில மாதங்களில் துளையைப் பாசி மூடிவிடும். வால்வின் இதழில் மணலோ கழிவோ ஒட்டி அது சரியாக மூடாது. துளையை இடுங்கள், அவ்வப்போது பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் அது இல்லாவிட்டாலும் சம்ப் தாங்கும்படி அளவை வையுங்கள். இறங்கும் குழாய் ஒன்றாக மட்டும் இருப்பதையும் நான் ஏற்பதில்லை. முழுதும் நீர் நிரம்பி வால்வால் கட்டுப்படுத்தப்பட்டு ஓசையின்றி இறங்கும் முதல் குழாய், எஞ்சிய சிறு ஓட்டத்தை ஏற்கும் இரண்டாம் குழாய், அவற்றிற்கும் மேலான உயரத்தில் எப்போதும் வறண்டே நிற்கும் அவசரக் குழாய் என மூன்று வைப்பதே பெரிய தொட்டிக்கு உரிய முறை. இடமில்லையென்றால் இரண்டு குழாய்களாவது வைக்க வேண்டும். இரவில் கழிவறைக் குழாய்போல் குடுகுடுவென்று சத்தம் வருகிறது என்று புலம்புபவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒற்றைக் குழாய்தான் இருக்கிறது.

பொங்கோலில் ஓர் உறவினர் வீட்டில் அண்மையில் பார்த்ததைச் சொன்னால் அலமாரியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்பது விளங்கும். வேலைப்பாடு குறை சொல்ல முடியாதது. கதவுகள் கைப்பிடி இல்லாமல் தொட்டாலே திறந்துகொள்கின்றன. உள்ளே சம்ப்பின் விளிம்பிற்கும் மேலே உள்ள பலகைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. ஆனால் கழிவைப் பிடிக்கும் பஞ்சுப் பையின் நீளம் அதைப்போல் இருமடங்கு. பையை வெளியே எடுக்க வேண்டுமானால் நிரம்பிய அழுக்கோடு பக்கவாட்டில் மடக்கி இழுக்க வேண்டும். பிடித்த கழிவில் பாதி சம்ப்புக்கே திரும்பிப் போகிறது. அலமாரியின் நடுவே இருக்கும் தாங்குப் பலகை, முன்பக்கத் திறப்பை இரண்டாகப் பிரிக்கிறது. சம்ப்பின் நீளமோ ஒரு திறப்பைவிட அதிகம். சம்ப்பை உள்ளே வைத்த பிறகே அந்தப் பலகையை அடித்திருக்கிறார்கள். நாளை சம்ப்பின் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் விட்டுப்போய் ஒழுகினால், மேலே இருக்கும் ஐந்நூறு லிட்டர் தொட்டியைக் காலி செய்து அலமாரியைப் பிரித்தால் மட்டுமே சம்ப் வெளியே வரும். செய்து கொடுத்தவர் மரவேலையில் தேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. மீன்தொட்டியில் எதை வாரந்தோறும் வெளியே எடுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சை நான்கைந்து நாளுக்கு ஒருமுறையேனும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் பிடித்த கழிவு அங்கேயே அழுகி நைட்ரேட்டாக நீரில் கரையும். ஆகவே சம்ப்புக்கு மேலே குறைந்தது சம்ப்பின் உயரத்திற்குச் சமமான வெற்றிடம் வேண்டும். திறப்பு சம்ப்பின் முழு நீளத்திற்கும் இருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் உருவி எடுக்கும்படி ஒரு பக்கப் பலகை திருகாணியில் நிற்க வேண்டும். அலமாரியின் உட்புறம் எப்போதும் ஈரக்காற்றில் இருப்பதால், சாதாரணத் துகள் பலகை ஓராண்டிற்குள் உப்பி உதிரத் தொடங்கும். கடல்தரப் பிளைவுட்டும், வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் பூச்சும், பின்புறத்தில் காற்றோட்டத் துளைகளும் தேவை. பம்பும் விளக்கின் மின்மாற்றியும் வெளிவிடும் சூடு அடைபட்ட அலமாரியில் தங்கினால், ஏற்கெனவே 29, 30 டிகிரியில் இருக்கும் நம் ஊர்த் தொட்டி நீர் இன்னும் சூடாகும். நீர்த்தாவரங்களுக்காக நீரைக் குளிர்விக்கும் சில்லர் பொருத்துபவர்கள் அதை மூடிய அலமாரிக்குள் வைப்பது ஏசியின் சூட்டை வெளிவிடும் இயந்திரத்தை அறைக்குள்ளேயே வைப்பதற்குச் சமம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்செருகிகளைச் சம்ப்பின் விளிம்பைவிட உயரமான, தனியாகத் தடுக்கப்பட்ட பக்கத்தில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு கம்பியும் செருகிக்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். கம்பி வழியே வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பார்க்க வேண்டும். புதிய இணைப்பு எதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

சம்ப்பின் உட்புற அமைப்பில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. நான் விரிவாகப் போகவில்லை. முதலில் பஞ்சு, அடுத்து வடிகட்டிக் கற்கள், பிறகு காற்றுக்குமிழிகளைப் பிடிக்கும் கண்ணாடித் தடுப்புகள், கடைசியில் பம்பு என்ற வரிசை போதும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு உயிர்வளி தேவை என்பதால், கற்களைக் கழிவு படியாத இடத்தில், கண்ணாடித் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். வீடு குடிபுகும் நாளில் தொட்டி நிறைய மீன் தெரிய வேண்டும் என்ற அவசரத்திற்கு அவை இணங்கா. குமிழித் தடுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்குவது அடிக்கடி காணும் குறை. 40 செ.மீ. அகலமுள்ள சம்ப்பில் மணிக்கு 2,500 லிட்டர் ஓடினால், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நீர் நொடிக்கு 17 செ.மீ. வேகத்தில் பாய்ந்து குமிழிகளையும் தன்னோடு இழுத்துச் செல்லும். மூன்று சென்டிமீட்டர் விட்டால் வேகம் ஆறுக்கும் கீழே இறங்கும். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை மேலே ஏற்றாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. சம்ப்பிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை ஒன்றரை மீட்டர் ஏற்றும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பெட்டியின் பின்புறமுள்ள வரைகோட்டில் பார்த்து வாங்க வேண்டும். தொட்டியில் ஓவர்ஃபுளோ துளை இட வேண்டுமானால் அது சூடேற்றி உறுதியாக்கிய டெம்பர்ட் கண்ணாடி அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வகைக் கண்ணாடி துளையிடும்போது முழுதாக நொறுங்கிவிடும்.

எடையை நான் இறுதியில் எழுதுவதால் அது சிறிய விஷயம் என்று கருத வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தளத்திற்கான சுமை வரம்பு சதுர மீட்டருக்கு 150 கிலோ. தண்ணீர் 15 செ.மீ. உயரம் நின்றாலே அந்த எடை வந்துவிடும். மேற்சொன்ன தொட்டியில் 55 செ.மீ. நீரே 495 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 100 கிலோ. அதே காலடி இடத்தில் சம்ப்பும் அதன் 88 லிட்டரும், அலமாரி, மணல், கற்களும் சேர்ந்தால் முக்கால் டன்னை எட்டும். சம்ப் என்பது இருக்கும் சுமைக்கு மேல் அதே இடத்தில் ஏற்றப்படும் சுமை என்பதைப் பலர் எண்ணுவதே இல்லை. தளத்தின் உத்திரம் எங்கே ஓடுகிறது, சுமை எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்து ஓர் இடத்தில் ஏற்கத்தக்கது இன்னோரிடத்தில் ஏற்கத்தகாததாகும். அதைக் கணிக்கும் தகுதி தொழில்முறைப் பொறியாளருக்கே உண்டு. பக்கத்து வீட்டில் ஆறடித் தொட்டி நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கு ஆகாது.

தொட்டியும் சம்ப்பும் வந்து இறங்கியபின், அலமாரிக் கதவுகளை மாட்டுவதற்கு முன்னால், மீன் விடுவதற்கும் முன்னால், இரண்டு சோதனைகளை ஒப்பந்தக்காரர் கண்முன்னே செய்துவிட வேண்டும். பம்பை ஓடவிட்டு நீர்மட்டம் நிலைத்ததும் செருகியைப் பிடுங்கி, சம்ப்பில் நீர் ஏறி நிற்கும் வரை காத்திருந்து பாருங்கள். விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றால் நல்லது. அப்படி நிற்கும்படி நீரைக் கூட்டிக் குறைத்து, மறுபடி பம்பை ஓடவிட்டு, கடைசி அறையின் கண்ணாடியில் அப்போதைய மட்டத்தை அழியாத மையால் கோடிட்டு வையுங்கள். இனி யாரும் அந்தக் கோட்டிற்கு மேல் நிரப்பக் கூடாது. அடுத்து, இறங்கும் குழாய்களைக் கையால் அடைத்துவிட்டுப் பம்பு கடைசி அறையை வறளச் செய்யும்வரை மேல்தொட்டியைக் கவனியுங்கள். அரை மணி நேரத்தில் முடியும் வேலை. இரண்டில் எதிலேனும் ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். புதுப்பிப்பு ஒப்பந்தத்திலேயே இச்சோதனைகளை ஒரு வரியாக எழுதிக்கொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஆவியாகும் நீர் கடைசி அறையில்தான் குறையும் என்பதால், அதை ஈடுகட்டச் சிலர் குழாய் நீரை மிதவை வால்வோடு நேரடியாகச் சம்ப்பில் இணைக்கிறார்கள். மிதவை சிக்கிக்கொண்டால் அந்த நீருக்கு முடிவே இல்லை. அதோடு நம் குழாய் நீரில் உள்ள குளோரமின், குளோரினைப்போல் ஓரிரவு திறந்து வைத்தால் அகலாது, அதற்குரிய மருந்தைக் கலந்தே தீர வேண்டும். மருந்து கலந்த நீரை, சம்ப்பின் வெற்றிடத்தைவிடச் சிறிய கலனில் வைத்து அதிலிருந்து ஈடுகட்டுவதே முறை. அக்கலன் முழுதும் ஒருமுறை கொட்டினாலும் தரை நனையாது. கொசு புகாதபடி அதன் வாயை இறுக மூடுங்கள். பம்பு ஓடாத காலி சம்ப்பின் அடியில் தேங்கும் சிறிது நீரும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஆகவே தொட்டியை நிறுத்திவிட்டுச் செல்பவர்கள் எல்லா அறைகளையும், குறிப்பாகத் தடுப்புகளுக்கு இடையே உள்ள குறுகிய பகுதியையும், துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
ஈசூன்.